லைனும் லயமும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் தோட்டப்புற வாழ்வு

மலேசியத் தமிழர் பேச்சில் வழங்கும் 'லயம்' என்னும் சொல் பெரும்பாலோர்க்கு விளக்கம் வேண்டாத சொல்லாகும். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீட்டைக் குறிப்பது அது. கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் என வடசிலாங்கூரின் கடலோரமாகவும் உள்நாடாகவும் பரந்து கிடந்த தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் "எந்தத் தோட்டம்?" என்ற வினாவிற்கு அடுத்தபடியாகக் கேட்டும் சொல்லியும் பழகியது "எந்த லயம்?" என்பதே. எனினும் இச்சொல்லின் பிறப்பைப் பற்றிக் கேட்டால் தமிழாசிரியரிடையே கூட இருவகை விடைகள் கிடைக்கின்றன. இஃது 'ஆலயம்' என்பதன் முதற்குறை என்பர் ஒருசாரார். ஒடுங்குதல், தங்குதல் எனப் பொருள்படும் வடசொல் 'லயம்' இது என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் பொருந்தா என்பதையும், இச்சொல் 'லைன்' என்னும் மிக எளிய ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவமே என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு சொல்லின் வேரைப் பற்றிய பூசல்தானே என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. வேரை மாற்றிச் சொன்னால், அவ்வீடுகளைக் கட்டியவர் யார், பெயரிட்டவர் யார் என்னும் வரலாறும் உடன் மாறிவிடுகிறது.

நாரிலிருந்து நேர்கோட்டிற்கு

முதலில் ஆங்கிலச் சொல்லைக் காண்போம். 'லைன்' என்பதன் வேர் இலத்தீன் மொழியின் 'லீனும்' என்பதாகும். ஆளிச்செடி என்றும், அதன் நாரால் ஆன துணி என்றும் அதற்குப் பொருள். கிரேக்க மொழியிலும் இதனோடு ஒத்த சொல் உண்டு. அந்நாரைத் திரித்த நூல் 'லீனெயா' எனப்பட்டது. பழைய ஆங்கிலத்தில் கயிறு, வரிசை என்னும் பொருள்களில் வழங்கிய சொல்லும், பிரெஞ்சு வழியாகப் பின்னர் வந்து சேர்ந்த 'லீஞ்' என்பதும் கலந்தே இன்றைய 'லைன்' உருவாயிற்று. நார்த்துணியைக் குறிக்கும் 'லினன்', ஆளி விதையைக் குறிக்கும் 'லின்சீட்', சட்டையின் உட்புறத்தில் இத்துணியை வைத்துத் தைத்ததால் வந்த 'லைனிங்', தரையில் விரிக்கும் 'லினோலியம்' ஆகியன யாவும் இதன் உடன்பிறப்புகளே. ஆளி விதையைத் தின்னும் 'லின்னெட்' என்ற சிறு குருவியும் இவ்வேரிலிருந்தே பெயர் பெற்றது.

நூல், கயிறு என்னும் பருப்பொருளிலிருந்து கோடு, வரிசை என்னும் கருத்துப்பொருளுக்கு இச்சொல் எவ்வாறு நகர்ந்தது என்பதைத் தமிழர்க்கு விளக்குவது எளிது. கொத்தனாரும் தச்சரும் கயிற்றை இழுத்துக் கட்டி நேர்மை பார்ப்பர். நேராக அமைந்த எதனையும் நாம் 'நூல் பிடித்தாற்போல' என்கிறோம். நம் இலக்கண ஆசிரியர்களும், மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் காட்டுவது போல மனத்தின் கோணலைக் காட்டுவதால் ஏட்டிற்கு நூல் என்று பெயராயிற்று என விளக்கியுள்ளனர். இழையிலிருந்து எழுத்துக்குச் சென்ற அதே வழியில்தான் ஆங்கிலச் சொல்லும் நூலிழையிலிருந்து பாட்டின் அடிக்கும், நடிகர் மேடையில் பேசும் வசனத்திற்கும் சென்றது. வரிசையாய் நிற்பது, கால்வழி, இருப்புப்பாதை, தொலைபேசித் தொடர்பு, ஒருவர் செய்யும் தொழில், போர்முனை, நிலநடுக்கோடு என அதன் பொருள்கள் விரிந்துகொண்டே போகின்றன. இவற்றை நிரல்படுத்த ஓர் அகராதியே வேண்டும். இங்கு வேண்டப்படுவது ஒரு பொருள் மட்டுமே.

மலாய் மொழியும் இதே பாதையில் நடந்திருப்பதைச் செகிஞ்சான் வட்டாரத்தார் நாள்தோறும் காண்கின்றனர். 1930களில் தொடங்கிய தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டத்தினால் சதுப்புநிலம் வயலாக மாறிய பகுதி அது. அவ்வயல்களுக்கிடையே நேர்கோடாய் ஓடும் வாய்க்கால்களை மலாயில் 'தாலி ஆயர்' என்பர். 'தாலி' என்றால் கயிறு, 'ஆயர்' என்றால் நீர். நீர்க்கயிறு! கயிறும் கோடும் ஒன்றாகி நிற்கும் இச்சொல்லைக் காட்டினால், இலத்தீன் சொல்லின் வரலாறு மாணவர்க்கு எவ்வித முயற்சியுமின்றி விளங்கிவிடும்.

படைவீட்டிலிருந்து தோட்டத்திற்கு

இந்தியாவில் ஆங்கிலேயர் படைகளை நிறுத்தியபோது, சிப்பாய்களின் குடில்களை நேர் வரிசைகளாக அமைத்தனர். அவ்வரிசைகளை 'லைன்ஸ்' என்றனர். டில்லியின் 'சிவில் லைன்ஸ்', வடநாட்டு நகரங்கள் பலவற்றில் உள்ள 'போலீஸ் லைன்ஸ்' ஆகிய பெயர்கள் அதன் எச்சங்களாகும். இப்பொருள் மலாயா தீபகற்பத்திற்கும் தோட்டங்களுக்கு முன்பே வந்துவிட்டது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் 'சிப்பாய் லைன்ஸ்' என்னும் இடப்பெயர்கள் இருப்பதே இதற்குச் சான்று.

தோட்ட முதலாளிகள் தொழிலாளர்க்கு வீடு கட்டத் தொடங்கியபோது இச்சொல்லையே எடுத்துக்கொண்டனர். 'கூலி லைன்ஸ்' என்னும் தொடர் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களிலும் அசாமிலும் மலாயாவிலும் பிஜியிலும் ஒருங்கே வழங்கியது. இத்தொடரின் முற்பகுதி தமிழ்க் 'கூலி'யே என்பர் பலர். குசராத்தின் 'கோலி' என்னும் இனப்பெயரோடு அதனைத் தொடர்புபடுத்துவாரும் உளர். நம் சொல் அவர்களின் பதிவேட்டிற்குச் சென்று இழிவுப் பொருள் ஏற்றது. அவர்களின் சொல் நம் வாய்க்கு வந்து வீடு என்னும் பொருள் பெற்றது. இத்தொடரைத் தமிழர் தம் பேச்சில் எடுத்துக்கொண்டபோது முற்பகுதி பெரும்பாலும் உதிர்ந்து, 'லயம்' என்பதே தனித்து நின்றது என்பது குறிப்பிடத்தக்கது.

இச்சொல் மலாயாத் தமிழர்க்கு நேரே ஆங்கிலத் துரைமாரிடமிருந்து வந்ததா, இலங்கை வழியாக வந்ததா என்னும் வினாவும் எழும். இலங்கையில் 1869ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட இலைநோய் காப்பியை அழித்தது. அதன்பின் அங்கிருந்த தோட்டக்காரர் சிலர் மலாயாவிற்கு வந்தனர். கங்காணி வழி ஆள் திரட்டும் முறையும் அங்கு வேரூன்றியிருந்ததே. எனவே முறையோடு சேர்ந்து சொல்லும் வந்தது எனக் கருத இடமுண்டு. இலங்கை மலையகத்தில் இன்றும் 'லயன்', 'லயம்' ஆகிய இரு வடிவங்களும் வழங்குகின்றன. பத்துக்குப் பன்னிரண்டு அடி என்ற அளவில் அமைந்த 'லயன் அறை' அங்கு இன்னும் பழங்கதையாகிவிடவில்லை.

தோட்டத்து ஆங்கிலம் படைமுகாமின் ஆங்கிலமாகவே இருந்தமைக்கு வேறு சான்றும் உண்டு. விடியலுக்கு முன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் நிகழ்வைத் தோட்டத்தார் 'பெரட்டு' என்றனர், அந்த இடம் 'பெரட்டுக் களம்'. இது 'பரேடு' என்பதன் திரிபு. பெரட்டில் நின்று, லயத்தில் உறங்கிய வாழ்க்கை அது. இரு சொற்களும் ஒரே கிடங்கிலிருந்து வந்தவை.

ஒலிமாற்றம்

'லைன்' எவ்வாறு 'லயம்' ஆயிற்று? அகரத்தை அடுத்து யகர மெய் வந்தால் அது ஐகாரம் போல் ஒலிக்கும் என்பது தொல்காப்பிய மொழிமரபில் கூறப்பட்ட செய்தி. ஆகவே லைன் என்பது 'லய்ன்' எனவும் ஒலிக்கும். ஆனால் ய், ன் என்னும் இரு மெய்கள் அடுத்தடுத்து நின்று சொல் முடிவது தமிழியல்பன்று. இடையே ஓர் உயிர் தோன்றி 'லயன்' ஆகிறது. 'டைம்' என்பதை மக்கள் 'டயம்' என்பதை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது ஈற்று னகரம் மகரமானது. நிலன் – நிலம், கலன் – கலம், அறன் – அறம் என இம்மயக்கம் தமிழுக்குப் பழையது. அஃறிணையில் மகரத்தோடு மயங்காத னகர ஈற்றுச் சொற்கள் ஒன்பதே எனத் தொல்காப்பியர் எண்ணிக் கூறும் அளவிற்கு அது பரவலாயிருந்தது. எனினும் இம்மரபு ஒன்றையே காரணமாகக் காட்டுவது போதாது. ஏனெனில் 'இஞ்சின்' இஞ்சிம் ஆகவில்லை, 'டேசன்' டேசம் ஆகவில்லை. 'லயன்' மட்டும் மாறியதற்கு, இசையிலும் பேச்சிலும் முன்னரே பழகிய 'லயம்' என்னும் சொல்லும், சமயம், ஆலயம் போன்ற யகர-மகர ஈற்றுச் சொற்களும் அதனைத் தம் பக்கம் ஈர்த்தமையே காரணமாதல் வேண்டும். ஆகவே ஆலயம் என்று சொல்வோர் கூற்றில் ஓர் உண்மை ஒளிந்துள்ளது. அது சொல்லின் வேர் அன்று, ஆயினும் அதன் உருவம் அமைந்ததற்குத் துணைநின்ற அச்சு அது.

மகர ஈறு பெற்றதும் அச்சொல் முழுத் தமிழ்ச்சொல்லாகவே நடக்கத் தொடங்கியது. லயத்தில், லயத்துக்கு, லயத்துப் பிள்ளைகள், லயத்துக் கோடி வீடு என அத்துச் சாரியை ஏற்றது. 'லைன்' என்றே நின்றிருந்தால் இது நிகழாது. மொழிக்கு முதலில் லகரம் வாராது என்னும் விதியைப் போற்றி, ரப்பரை 'இரப்பர்' என எழுதும் நம் நாட்டு வழக்கப்படி 'இலயம்' என எழுதும்போது, அச்சொல் இலக்கணம், இலட்சியம் ஆகியவற்றின் வரிசையில் போய் அமர்ந்துகொள்கிறது. அதன் ஆங்கில முகம் முற்றாக மறைந்துவிடுகிறது.

'லயம்' வடசொல் அன்று என்பதற்கு

வடமொழியில் 'லயம்' என்பதற்கு ஒட்டுதல், கரைதல், ஒடுங்குதல், ஓய்விடம் ஆகிய பொருள்கள் உண்மையே. ஓய்விடம் என்ற பொருள் இருப்பதால்தான் இம்மயக்கம் கல்வியாளரிடையேயும் நிலைக்கிறது. ஆனால் சொல் வழங்கும் நிலப்பரப்பை நோக்கினால் ஐயம் நீங்கும். தமிழகத்துச் சிற்றூர்களில் யாரும் தம் வீட்டை லயம் என்றதில்லை. ஆங்கிலேயர் தோட்டம் போட்ட இடங்களில் மட்டுமே இச்சொல் அப்பொருளில் உண்டு: இலங்கை மலையகம், மலாயா, மூணாறு. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் நிகழ்ந்த நிலச்சரிவில் எழுபது பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பத்தினர். மண்ணில் புதைந்த அவ்வரிசை வீடுகளை மலையாளச் செய்தித்தாள்களும் 'லயம்' என்றே எழுதின. பிஜியில் இந்தி பேசுவோர் 'கூலி லைன்' என்கின்றனர். அவர்கட்கு லயம் என்ற வடசொல் அறிமுகமானதே. இருந்தும் அவர்கள் வாயில் அது 'லைன்' ஆகவே நிற்கிறது.

பொருளும் இதனையே வலியுறுத்தும். லயம் என்பது ஒரு வீடு அன்று, ஒரு கூரையின்கீழ் அமைந்த வீட்டு வரிசை முழுவதும் ஒரு லயம். 'மூன்றாம் லயம், கடைசி வீடு' என்பதே முகவரி. வீடு அதன் உறுப்பு மட்டுமே. ஆலயத்திற்கோ ஓய்விடத்திற்கோ எண் இடுவார் இல்லை.

குதிரை கட்டும் இடமாகிய 'லாயம்' என்பதோடு இதனைத் தொடர்புபடுத்திக் கசப்புடன் பேசுவாரும் உளர். உணர்ச்சி புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் நெடிலுக்கும் குறிலுக்கும் உள்ள வேற்றுமையை அது கடந்து செல்ல வேண்டியிருக்கிறது.

நிரை இருக்க லைன் எதற்கு?

இனி ஒரு வினா. தோட்டத்துத் தமிழர் தமக்கு வேண்டிய பல சொற்களைத் தமிழிலிருந்தே ஆக்கிக்கொண்டனர். எஸ்டேட்டைத் 'தோட்டம்' என்றனர், மரத்தில் வடிவதைப் 'பால்' என்றனர், மேலாளரைத் 'துரை' என்றனர். பெஸ்தாரி ஜெயா (2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை) அருகிலுள்ள 'தென்னமரம்' தோட்டம் தன் தமிழ்ப் பெயரையே ஆங்கிலப் பதிவேட்டிலும் பெற்றது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி போக்கோனியே 1917ஆம் ஆண்டு இந்நாட்டின் முதல் வணிக முறைச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கிய இடம் அதுவே. தென்னையின் பெயர் தாங்கிய தோட்டத்தில் செம்பனை வளர்ந்தது. மர வரிசையைக் குறிக்கவும் 'நிரை' என்னும் சங்கச் சொல் தொழிலாளர் வாயில் உயிரோடு இருந்தது. அவரவர்க்கு அவரவர் நிரை. மரங்களின் வரிசைக்கு நிரை என்ற சொல்லை உடையவர்கள், வீடுகளின் வரிசைக்கு மட்டும் ஆங்கிலச் சொல்லை ஏன் ஏற்றனர்?

இதற்குச் சொல்லாய்வு மட்டும் விடை தராது. ஊரில் அவர்கள் அறிந்திருந்த வீட்டு வரிசை 'தெரு'. தெருவில் ஒவ்வொரு வீடும் ஒரு குடும்பம் கட்டிக்கொண்டது. அதில் திண்ணை உண்டு, சாதியின் எல்லை உண்டு, விற்பதும் பங்கு பிரிப்பதும் உண்டு. தோட்டத்தில் அவர்கள் வந்து சேர்ந்தபோது கண்டது தெரு அன்று. ஆள் வருமுன்பே கட்டி முடித்து, எண்ணிட்டு, கணக்கில் ஏற்றப்பட்ட கட்டடம். (சாதியின் எல்லையை அங்கும் சிலர் கொண்டுசென்றனர், லயங்கள் சாதிவாரியாகப் பிரிந்திருந்த தோட்டங்களும் இருந்தன.) கட்டியவர் வைத்த பெயரே கட்டடத்திற்கு நின்றது. நிரை அவர்கள் கை உழைத்த இடம், அதற்கு அவர்களே பெயரிட்டனர். லயமோ கொடுக்கப்பட்ட இடம். வேலை உள்ளவரை வீடு, வேலை நின்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதே அதன் நிபந்தனை.

அந்நிபந்தனையின் கடுமை தோட்டங்கள் கைமாறியபோது வெளிப்பட்டது. 1966ஆம் ஆண்டிலும் பின்னர் 1990ஆம் ஆண்டிலும் (446ஆம் சட்டம்) இயற்றப்பட்ட தொழிலாளர் குடியிருப்புச் சட்டங்கள் வீட்டின் தரத்தை வரையறுத்தன. வீட்டின் உரிமையை அவை தொழிலாளிக்கு ஆக்கவில்லை. கோல சிலாங்கூர் மாவட்டத்திலேயே, தோட்டம் விற்கப்பட்ட பின் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் மாற்று வீடு கேட்டுப் பல்லாண்டுகள் காத்திருந்தமை செய்தித்தாள் படிப்போர் அறிந்ததே. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தமிழர் வெளியேற இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் வந்தனர். வெளியேறியவர் குடியேறிய இடம் 'தாமான்'. மலாயில் அதற்கும் தோட்டம் என்றே பொருள்! தாமானில் அவர்கள் வாங்கிய வீட்டின் பெயர் 'தெரஸ்', அதுவும் ஒட்டிய சுவர்களையுடைய வரிசை வீடே. கட்டட அமைப்பில் லயத்திற்கும் தெரஸுக்கும் உள்ள உறவை எவரும் காணலாம். ஆனால் தெரஸில் குடியிருப்பவர் எவரும் அதனை லயம் என்று சொல்ல மாட்டார், சொன்னால் வருந்துவார். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது வரை இச்சொல்லின் பொருளில் அடங்கியிருப்பதை இது காட்டுகிறது. தமிழகத்தின் கோவை, திருப்பூர்ப் பகுதிகளில் வாடகைக்கு விடும் ஒட்டுவீடுகளை 'லைன் வீடு' என்பதையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். அங்கும் குடியிருப்பவர் உரிமையாளர் அல்லர்.

வகுப்பறையில்

'லைன்' பிற்காலத்தில் மீண்டும் ஒருமுறை தமிழுக்குள் வந்தது. தொலைபேசி, கைப்பேசி, இணையம் ஆகியவற்றோடு வந்த அச்சொல் திரியாமல் நிற்கிறது. தோட்டத்திலிருந்து பேசும் ஒருவர் "லயத்துல லைன் இல்ல" என்று இயல்பாகச் சொல்வார். ஒரே சொல்லை இருமுறை கடன்பெற்று, ஒன்றை மற்றொன்றாக உணராமல் ஒரே தொடரில் ஆள்கிறார். ஆங்கிலம் 'லைன்', 'லினன்' என ஒரு வேரினை இருமுறை கொண்டது போன்றதே இதுவும். கடன்சொற்களின் காலமுறையை விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு நம் மாணவர்க்குக் கிடைப்பது அரிது.

மாணவர் கட்டுரையில் 'லயம்' என வரும்போது அதனைக் கொச்சை என்றோ பிறமொழிச் சொல் என்றோ அடித்து, 'குடியிருப்பு' என மாற்றுவோர் உளர். தூய்மை நோக்கம் மதிக்கத்தக்கது. ஆனால் குடியிருப்பு என்ற சொல்லில் அடுக்குமாடியும் அடங்கும், அரசு ஊழியர் மனையும் அடங்கும். லயத்தின் எண்ணும் நிபந்தனையும் அதில் இல்லை. வரலாற்றுப் பொருளில் இச்சொல்லை அப்படியே விட்டு, வேண்டுமானால் முதன்முறை வருமிடத்தில் விளக்கம் சேர்க்கச் சொல்வதே தக்கது என்பது என் கருத்து.

அகராதி தொகுப்போர்க்கும் ஒரு குறிப்பு. இசையோடும் ஒடுக்கத்தோடும் தொடர்புடைய வடசொல்லின்கீழ் இதனை ஐந்தாம் ஆறாம் பொருளாகச் சேர்க்காமல், தனித் தலைச்சொல்லாக அமைத்தல் வேண்டும். ஆங்கில மூலமும், மலேசியா, இலங்கை, மூணாறு என வழங்கிடமும், 'லயன்' என்னும் இணைவடிவமும், 'லயத்து' என்னும் அடைவடிவமும், 'பெரட்டு' முதலிய உடன்சொற்களுக்கான சுட்டும் அப்பதிவில் இடம்பெறுதல் நன்று. தோட்டத்தில் வாழ்ந்த முதியோர் இருக்கும்போதே, எந்தத் தோட்டத்தில் எந்த லயம் என்ன அடைமொழியால் அழைக்கப்பட்டது என்பதையும் தொகுத்தல் வேண்டும். மேட்டு லயம், புது லயம் என்பன போன்ற அவ்வடைகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எண் இட்டவர் துரையின் எழுத்தர், இப்பெயர்களை இட்டவர்கள் குடியிருந்தவர்கள்.